நொடிக்கு முப்பது படம்

என் கணவருக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், போல்ட், நட்டு, வாஷர், கயிறு. நாங்கள் குடியிருப்பது ஏர்போர்ட்டுக்குப் பக்கம், அம்பலத்தறையில். விமானங்கள் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு மேலாகத்தான் இறங்கும். துணி காயப்போடும்போது நிமிர்ந்து பார்த்தால் சக்கரம் வெளியே வந்திருப்பதுகூடத் தெரியும். அப்படி விமானத்தின் வயிற்றைப் பார்த்தே வளர்ந்த மனுஷன், ஐம்பத்தாறு வயதுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. மும்பையில் கல்யாணம் என்றாலும் ரயில்தான், டெல்லி என்றாலும் ரயில்தான்.

பயம் என்று அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். கணக்கு மாதிரி ஒன்று சொல்வார். "ஒரு விமானத்துல எத்தனை லட்சம் போல்ட் இருக்கும்? அதுல ஒண்ணை முறுக்கினவன் அன்னைக்குக் காலைல வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருந்தா?" எனக்கும் விமானத்தில் போகவேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

அவசியம் மகள் வழியாக வந்தது. அவள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். முதல் பிரசவத்துக்கு ஏழாம் மாசம் ஊருக்கு வருவதாக இருந்தாள். ஐந்தாம் மாசத்தில், பயணம் கூடாது, படுத்தே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணினாள். கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, பிரசவ சமயத்துக்கு நீ மட்டும் வா. போதும். அப்பாவைக் கஷ்டப்படுத்தாதே" என்றாள்.

அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார். அப்பளத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவி, மாடிக்குப் போனார். கொஞ்சம் கழித்து நானும் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியோரமாக நின்றிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அவர் நிமிரவில்லை.

அன்றைக்கே முடிவு பண்ணினேன், இவரை விட்டுவிட்டுப் போவதில்லை என்று. ஆனால் பேசி மாற்றக்கூடிய ஆள் இல்லை அவர். கடைக்குச் சரக்கு வாங்கினாலும் கையில் எடுத்து, திருகிப் பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கண்ணால் பார்க்காததை வாங்க மாட்டார். விமானத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

எனக்குக் கிழக்கேகோட்டையில் ஒரு டிடிபி சென்டர் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, மனு, நோட்டீஸ், தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுப்பேன். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவதால், மூடியைத் திறந்து தூசி தட்டுவது, ரேமைக் கழற்றி மாட்டுவது எல்லாம் எனக்கே வரும். அதற்கு மேலே போனால், தம்பானூர்ப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் போவேன். முப்பத்தைந்து வயசிருக்கும். மலையாளி. தமிழ் வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசி நன்றாகவே தமிழ் பேசுவாள். அவள் என்னை அக்கா முறையில் சேச்சி என்பாள், நான் அவளை மகள் மாதிரி மோளே என்பேன்.

அந்த வாரம் ஒரு ஹார்டு டிஸ்க் கோளாறு என்று போனேன். அவள் டிபன்பாக்ஸில் மரச்சீனிக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் திரையில் ஒரு ரன்வே. பக்கத்திலேயே கடல்.

"இது எந்த ஊரு மோளே?"

"நம்ம ஏர்போர்ட்டு தன்னே, சேச்சி. இதோ, சங்குமுகம் கடற்கரை."

கிழங்கை மென்றபடியே ஒரு கையால் விமானத்தை எழுப்பினாள். சக்கரம் தரையை விட்டதும் குலுங்கல் நின்றது. உள்ளே ஏதோ 'டொக்' என்று மூடிக்கொள்கிற சத்தம். ப்ளைட் சிமுலேட்டர் என்றாள். விளையாட்டுதான், ஆனால் ஸ்விட்ச், சத்தம், காற்று, எல்லாம் நிஜம் மாதிரி. நான் வந்த வேலையை மறந்து நின்றேன்.

"என் டிடிபி கம்ப்யூட்டர்ல இது ஓடுமா?"

அவள் என் கம்ப்யூட்டரை நன்றாக அறிந்தவள். "ஓடாது சேச்சி. நடக்கும்" என்றாள்.

புதிய விளையாட்டு அதில் ஏறவே ஏறாது என்று, பல வருஷம் பழைய பதிப்பு ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். விமானத்தை எழுப்பவும் இறக்கவும் ஒரு வாரம் அவள் கடையில் நின்று நானே படித்தேன். என் வயசில் புது மெஷின் கற்றுக்கொள்வது சுகமாகத்தான் இருந்தது. மனு அடிக்கக் காத்திருந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் தாமதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷட்டர் பூட்டு இறுகிக் கிடக்கிறது என்று சொல்லி அவரை என் கடைக்குக் கூட்டிப்போனேன். பொய் இல்லை, பூட்டு இறுகித்தான் கிடந்தது. எண்ணெய் விடுவதற்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"எனக்கு எதுக்கு இந்த விளையாட்டெல்லாம்?"

"நீங்க ஒண்ணும் ஓட்ட வேண்டாம். ஜன்னல் பக்கம் உக்காந்த மாதிரி சும்மா பாருங்க."

பார்த்தார். விமானம் ரன்வேயில் தத்தித் தத்திப் போனது. எழும்பும்போது ஒரு வெட்டு. திரும்பும்போது ரெண்டு வெட்டு. கடலுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கக் கொண்டுவந்தேன். தரைக்கு ஒரு தென்னை உயரம் இருக்கும்போது படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

"பாத்தியா" என்றார் அமைதியாக. "நின்னுட்டு."

"விமானம் நிக்கலே. படம்தான் நின்னுச்சு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எழுந்துபோய்ப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு, நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். பயத்தைப் போக்கக் கூட்டிவந்து, புதுப் பயம் ஒன்றை நானே சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் ரிப்பேர் கடையில் போய் நின்றேன். அவள் விளக்கினாள். சினிமா மாதிரிதான் இதுவும். ஒவ்வொரு படமாக வரைந்து வரைந்து காட்டும். நொடிக்கு முப்பது படம் வரைந்தால் கண்ணுக்கு ஓட்டமாகத் தெரியும். என் கம்ப்யூட்டர் எட்டோ ஒன்பதோதான் வரைகிறது. படம் வரைவதற்கென்று தனிக் கார்டு அதில் இல்லை. "பத்திரிகை அடிக்கிற மெஷினைப் பிடிச்சு, மலையைத் தூக்கு, கடலைத் தூக்குன்னா அது என்ன செய்யும் சேச்சி?"

வழி இல்லையா என்றேன். சுமையைக் குறைக்கவேண்டும் என்றாள். நிழலை அணைத்தோம். மேகத்தைக் குறைத்தோம். மரம், வீடு, ரோட்டில் போகும் வண்டி எல்லாம் போயிற்று. ஒற்றை ரேமுக்குப் பதில் ரெண்டு ஒரே மாதிரி ரேம் ஜோடியாகப் போட்டாள். தனிக் கார்டு இல்லாத மெஷினில் படமும் அந்த ரேமைத்தான் நம்பி இருக்கிறது, ரெண்டு வாசல் இருந்தால் சாமான் சீக்கிரம் உள்ளே வரும் என்றாள். அவள் சொன்னது சரி. இருபத்தைந்து வரை வந்தது. வெட்டு இல்லை.

மறுபடி அவரைக் கூட்டிவந்தேன். இந்தத் தடவை வழுக்கிக்கொண்டு போனது. எழுப்பினேன், திருப்பினேன், இறக்கினேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இது எந்த ஊரு?"

"திருவனந்தபுரம்."

"தென்னைமரம் ஒண்ணுகூட இல்லாத திருவனந்தபுரமா?"

திரும்பிப் பார்த்தேன். கடல் நீலத் தார்ப்பாய் விரித்த மாதிரி கிடந்தது. ஊர் இருக்கவேண்டிய இடத்தில் பச்சைப் பெயின்ட். தப்பே சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு அவர் உடனே எழுந்து போகவில்லை. இன்னும் ஒரு சுற்று முடியும்வரை உட்கார்ந்திருந்தார். நான் அதை மனசில் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் மகள் படிக்கும்போது வாங்கிய லேப்டாப் பரணில் இருந்தது. அதில் தனிக் கிராபிக்ஸ் சிப் உண்டு என்று அவள் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. எடுத்துத் துடைத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து, அதில் ஏற்றினோம். டிடிபி கம்ப்யூட்டரைவிடக் கொஞ்சம்கூட மேலாக இல்லை. தூக்கிக்கொண்டு தம்பானூர் ஓடினேன். அவள் ரெண்டு இடத்தில் கிளிக் பண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பெரிய சிப் உறங்குது சேச்சி. விளையாட்டு சின்னதுலதான் ஓடிட்டிருக்கு. சுமட்டுத் தொழிலாளியைத் திண்டுல உறங்க விட்டுட்டு, முதலாளி மூட்டை சுமக்கிற மாதிரி."

பெரியதை எழுப்பிவிட்டாள். பிறகு பார்க்கவேண்டுமே. கடலில் வெயில் மினுங்கியது. தென்னைகள் வந்துவிட்டன. சங்குமுகத்தில் அலை நுரைத்தது. ஆனால் கால்மணி நேரம் போனதும் மின்விசிறி இரைய ஆரம்பித்தது, தொட்டால் கை சுட்டது, பழைய வெட்டு திரும்பி வந்தது. மறுபடி தம்பானூர். பின்மூடியைத் திறந்தாள். விசிறிக்கு முன்னால் தூசி கம்பளித்துணி மாதிரி படிந்திருந்தது. அதை அப்படியே முழுசாக உரித்து எடுத்து என் கையில் வைத்தாள். சிப்பின்மேல் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிப் புதுசு பூசினாள். பின்பக்கம் காற்றுப் போகட்டும் என்று அடியில் ரெண்டு சோடா மூடி வைக்கச் சொன்னாள். அதோடு சூடு அடங்கியது.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு ஞாயிறு காலை. நான் அடுக்களையில் தோசைக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கவேண்டும். மிக்ஸி வைக்கும் இடத்து பிளக் கெட்டுப்போயிருந்ததால், சாப்பாட்டு மேஜைப் பக்கம் வந்து, லேப்டாப்பில் அவர் என்ன பார்க்கிறார் என்று கவனிக்காமலே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியை மாட்டினேன். அரைக்கத் தொடங்கியதும் அவர் குரல் கேட்டது.

"ஏட்டி, என்னத்தைப் பண்ணினே? விமானம் இழுக்க மாட்டேங்குது."

லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது தன் பலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் வேறே. நான் யாரையும் உட்கார வைக்கவில்லை. அவரே திறந்து, அவரே எழுப்பி, கோவளத்துக்கு மேலே தனியாகப் பறந்துகொண்டிருந்தார். நான் மிக்ஸியைக் கழற்றிச் சார்ஜரை மாட்டிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போனேன். சட்னி அன்றைக்குப் பாதி அரைத்ததுதான். அவர் கவனிக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து அவரே கேட்டார். "இதைவிட நல்லா ஓட வைக்க வழி உண்டா? அந்தப் புதுசு இருக்கே, உன் ரிப்பேர்க்காரிகிட்ட, அந்த மாதிரி."

ரிப்பேர்க்காரிக்குச் சந்தோஷம். கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஸ்டூடியோ ஒன்று கழித்துப் போட்ட கிராபிக்ஸ் கார்டு அவளிடம் இருந்தது. என் கடையில் சும்மா கிடந்த இன்னொரு டெஸ்க்டாப்பில் அதற்கேற்ற மதர்போர்டும் பிராசசரும் போட்டுத் தருவதாகச் சொன்னாள். பெட்டியும் கார்டுமாக எங்கள் வீட்டுக்கே வந்தாள். வைத்துப் பார்த்தால், கார்டு நீளம், பெட்டி குட்டை. நாலு விரல் அளவு உள்ளே போகவில்லை.

"வேறே கேபினெட் வாங்கணும்" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தட்டினார். "இந்தத் தகடுதானே தடுக்குது?"

கடைக்குப் போய் ஹாக்ஸா, அரம், ரிவெட் கழற்றும் சாமான் எல்லாம் கொண்டுவந்தார். அவர் வெட்ட உட்கார்ந்ததும் அவள் பதறி மறித்தாள். "சேட்டா, முதல்ல எல்லாம் வெளியே எடுக்கணும். இரும்புத்தூள் ஒண்ணு போர்டுல விழுந்தா மதி, அதுவே போதும், தீர்ந்தது."

அவர் கேட்டுக்கொண்டார். அதுவே எனக்கு ஆச்சரியம். இரும்பு விஷயத்தில் அவர் யார் சொல்லியும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி வேட்டித்துணியில் வரிசையாக வைத்தார். தகட்டை வெட்டி, ஓரத்தை அரத்தால் வழவழவென்று தேய்த்து, துடைத்து, அவளிடம் காட்டினார். அவள் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கார்டு உள்ளே போயிற்று. ஆனால் கனத்தில் ஒரு பக்கம் தொங்கியது. அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. அலமாரிப் பலகைக்குக் கொடுக்கும் சின்ன எல் ஆங்கிள் ஒன்று. ரப்பர் வாஷர் வைத்து, கார்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

"கம்பெனிக்காரங்க இதை யோசிக்கலே பாரு" என்றார்.

மூன்று பேரும் உட்கார்ந்து ஆன் பண்ணினோம். புதிய விளையாட்டு வந்தது. ஊர் வந்தது, எங்கள் கடல் வந்தது. அவர் எஞ்சினைக் கூட்டினார். விமானம் ஓடியது. சக்கரம் எழும்பப்போகும் நேரத்தில் திரை, பெட்டி, விசிறி எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்துபோயிற்று.

முதல் நாள் உறைந்துபோன படம் ஞாபகம் வந்தது. மெதுவாக அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டு பத்தலே" என்றார். "மோட்டாரு ஸ்டார்ட்டிங்ல இழுக்கிற மாதிரி, இந்தக் கார்டு வேகமெடுக்கும்போது ஒரேயடியா இழுத்திருக்கு. இந்தப் பழைய சப்ளை தாங்கலே."

"சேட்டன் சொன்னது கரெக்டு" என்றாள் அவள். "பவர் சப்ளை மாத்தணும்."

ரிப்பேர்க்காரியே கரெக்டு என்று சொன்னதை அவர் அந்த வாரம் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னார்.

சப்ளை மாற்றி, திரைக்குப் பதில் ஹாலில் இருந்த டிவியில் மாட்டினோம். அப்போது ஒரு குறை. கையை அசைத்தால் ஒரு மூச்சு தாமதித்துத்தான் விமானம் திரும்பியது. அவள் போனிலேயே சொன்னாள், டிவி படத்தை அழகு பண்ணுவதற்காக நேரம் எடுக்கிறது, கேம் மோடுக்கு மாற்றுங்கள் என்று. மாற்றினோம். தாமதம் போயிற்று.

பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றும் அவளிடமே கிடைத்தது. அது மேஜையில் வழுக்காமல் இருக்க அவர் சி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டார். அதைக் கழற்றாமல் அந்த மேஜையில் இன்றைக்கும் நாங்கள் சாப்பிட முடியாது.

எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது அந்த நாட்களில். திரையின் மூலையில் நொடிக்கு எத்தனை படம் என்று ஒரு எண் ஓடும். நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு என்று வந்தால் பூரிப்பேன். ஏர்போர்ட் பக்கத்தில் இருபதுக்கு விழுந்தால் முகம் வாடிவிடும். வெளியே பார்க்கவேண்டியதை விட்டுவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். ரிப்பேர்க்காரி ஒரு நாள் வந்து, முப்பதில் பூட்டிவிட்டாள்.

"அம்பது வந்து இருபதுக்கு விழுந்தா கண்ணுக்குக் குலுங்கும் சேச்சி. முப்பது, எப்பவும் முப்பது. அது மதி." பிறகு அந்த எண்ணையே மறைத்துவிட்டாள்.

ஏர்போர்ட்டில் மட்டும் அதுவும் இறங்கியது. அங்கே நிற்கும் மற்ற விமானம், பஸ், வண்டி எல்லாவற்றையும் கணக்குப் பார்ப்பது பிராசசர், கார்டு இல்லை, அதனால் ஏதாவது ஒன்றை விடவேண்டும் என்றாள். எதை விடுவது என்று எங்கள் வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. அவர் வண்டிகளை விட்டுக்கொடுத்தார். நிற்கும் விமானங்களை விட்டுக்கொடுத்தார். நிழலில் பாதியை விட்டுக்கொடுத்தார். தென்னைமரத்தில் கை வைக்க விடவில்லை. கடைசியில் முப்பது அசையாமல் நின்றது.

அதற்குப் பிறகு அவர் மத்தியானம் கடை அடைத்து வந்ததும் ஒரு சுற்று, ஞாயிறு முழுக்கச் சுற்று. இறக்குவதில்தான் தடுமாற்றம். கடலில் விழுந்தார், முட்டத்தறையில் விழுந்தார், ஒரு தடவை ரன்வேக்குப் பதில் அதற்குப் பக்கத்து ரோட்டில் சாமர்த்தியமாக இறக்கினார். விழுகிற ஒவ்வொரு தடவையும் சிரித்தார். ஒரு நாள் ரிப்பேர்க்காரியிடம் கேட்டார், "கோயில் ஆறாட்டுக்கு ரன்வேயை மூடி, சாமி கடலுக்குப் போக ஊர்வலம் விடுவாங்களே, அது இதுல உண்டா?"

"இல்லா சேட்டா."

"அப்போ இவங்களுக்கு நம்ம ஊரு முழுசாத் தெரியாது" என்றார் திருப்தியோடு.

அவரை மாற்றியது பறப்பது இல்லை என்று நினைக்கிறேன். எழும்புவதற்கு முன்னால் பைலட்டுகள் சரிபார்க்கும் பட்டியல்தான். ஒருத்தர் சத்தமாக வாசிக்க, இன்னொருத்தர் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். அதை என்னை வாசிக்கச் சொல்லி, அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பதில் சொல்வார். "ஒருத்தன் முறுக்கினதை இன்னொருத்தன் பாக்கான். அவன் பாத்ததை வேறொருத்தன் எழுதி வைக்கான். சண்டை போட்டுட்டு வந்தவன் தப்பிக்க முடியாது போலிருக்கே" என்று ஒரு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதற்கு ரெண்டு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டில், ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டே சொன்னார். "டிக்கெட் எடுக்கும்போது எனக்கும் சேத்து எடு. ஜன்னல் பக்கம்."

ரசத்தை ஊற்றினேன். கிண்ணம் நிறைந்து தட்டில் வழிந்தது.

போகிற நாள் காலையில் அவர் முகம் சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையில், மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற விமானத்தைப் பார்த்து, காற்றின் திசை காட்டும் துணிப்பையைத் தேடிப் பிடித்து, "காத்து கிழக்கேயிருந்து அடிக்கு. கோவளம் பக்கமாத்தான் எழுப்புவான்" என்றார். நான் சரி என்றேன். உள்ளே போனோம். அவருக்கு இடதுபக்க ஜன்னல், எனக்கு நடு இருக்கை. பெல்ட் போட்டோம். கதவை மூடினார்கள்.

கதவு மூடிய சத்தம் கேட்டதும் என் கை தானாகவே பெல்ட்டைக் கழற்றப் போயிற்று.

மூன்று மாசம் நான் ரேமைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் கார்டைப் பற்றியும் ஓடி அலைந்தேனே தவிர, நானும் விமானத்தில் ஏறியதில்லை என்பதை ஒரு நாளும் நினைக்கவே இல்லை. அவர் பயத்துக்குப் பின்னால் என் பயம் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது. விமானம் நகர ஆரம்பித்ததும் எனக்கு இறங்கவேண்டும் போலிருந்தது. அவர் முழங்கையைப் பிடித்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடியில் புரிந்துகொண்டார். சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப இறக்கைக்குப் பின்னால இருக்கிற பலகையை இறக்குவான். 'கிர்'ருனு ஒரு சத்தம் வரும்" என்றார். வந்தது. "இப்பத் திரும்பி ரன்வேல நேரா நிப்பான். எஞ்சினைக் கூட்டுவான். முதுகைப் பின்னால தள்ளும், பயப்படாதே, தள்ளணும். தள்ளலேன்னாதான் தப்பு." தள்ளியது. கண்ணை மூடிக்கொண்டேன். "இந்தக் குலுங்கல் தரையோட குலுங்கல். பாரு, இப்ப நின்னுரும்." நின்றது. "இப்ப அடியில 'டொக்'குனு கேக்கும். சக்கரம் உள்ளே போகுது." கேட்டது. ஒவ்வொன்றும் அவர் சொல்லி முடித்ததும் நடந்தது. அவர் சொல்லித்தான் விமானம் அதைச் செய்கிறது என்று தோன்றும்படி நடந்தது.

"கண்ணைத் திற" என்றார். "விழிஞ்ஞம்."

திறந்தேன். அவர் தோளுக்கு அந்தப் பக்கம், வெகு கீழே, துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் தீக்குச்சிகளை நட்டு வைத்த மாதிரி நின்றன. ஒரு கப்பல். சின்னச் சின்ன மீன்பிடி வள்ளங்கள். கடலில் வெயில். வெட்டே இல்லாமல், வழுக்கிக்கொண்டு, எல்லாம் பின்னால் போயிற்று.

"நொடிக்கு எத்தனை படம் வரும்னு நினைக்கீங்க?" என்று கேட்டேன்.

"எண்ண முடியாது" என்றார். விமானம் வலதுபக்கம் சாய்ந்து திரும்பியபோது இன்னொரு தடவை அவர் கையை இறுக்கினேன். அதற்கப்புறம் காப்பி வந்தது.

மஸ்கட்டில் மாப்பிள்ளை வந்து அழைத்துப்போனார். மகளிடம், அப்பாவும் வருகிறார் என்று நாங்கள் சொல்லியிருக்கவில்லை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை. வீட்டுக் கதவைத் திறந்தபோது, அவள் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தாள். முதலில் நான் போனேன். எனக்குப் பின்னால் பெட்டியோடு வந்த ஆளைப் பார்த்து, யாரோ டிரைவர் என்று நினைத்துத் துப்பட்டாவைச் சரி பண்ணினாள். அப்புறம் பார்த்தாள்.

"அப்பா, நீங்க எப்படி வந்தீங்க?"

"விமானத்துலதான்" என்றார். "வேற எப்படி?"

எழுந்திருக்கக்கூடாது என்பதால் அவள் படுத்தபடியே ரெண்டு கையையும் நீட்டினாள். அவர் பெட்டியைக் கீழே வைக்க மறந்து, அதோடேயே குனிந்தார். நான் அடுக்களை எங்கே இருக்கிறது என்று தேடிப் போய்விட்டேன்.

மூன்று வாரத்தில் பேத்தி பிறந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு அவருக்கு அந்தச் சின்ன ஃப்ளாட்டில் பொழுது போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாப்பிள்ளை ஆபீஸ் இல்லாமல் வீட்டில் இருந்தபோது கேட்டார்.

"மாப்பிள்ளே, உங்க லேப்டாப்புல ரேம் ஒண்ணா, ரெண்டா?"

மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. கம்பெனி கொடுத்ததல்ல, சொந்தமாக வாங்கியது, ஒல்லியானது, தனிக் கார்டு கிடையாது. மாமியாரும் மருமகளும் என்று ஊரில் சொல்வார்கள்; எங்கள் வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பழைய பதிப்பை ஏற்றினார்கள். இடையில் தம்பானூருக்கு வீடியோ கால் போயிற்று. ரிப்பேர்க்காரி குழந்தையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் செட்டிங்கைச் சொன்னாள். நிழலை அணைத்தார்கள். மேகத்தைக் குறைத்தார்கள். சார்ஜரை யாரும் தொடக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். சாயங்காலம் ஆனபோது அது சீராக ஓடியது.

மாப்பிள்ளை பட்டியலை வாசிக்க, அவர் பதில் சொல்லி, திருவனந்தபுரத்திலிருந்து எழுப்பினார். நான் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தேன். மகள் தலையணையை முட்டுக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கடலைச் சுற்றிவிட்டு ஊருக்கு மேலே திரும்பியபோது அவள் கேட்டாள்.

"அப்பா, நம்ம வீடு தெரியுதா?"

அம்பலத்தறை இருக்கவேண்டிய இடத்தில் ஒரே மாதிரிக் கூரைகள் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. எந்த ஊருக்கும் பொருந்தும் கூரைகள். இறக்கையைச் சாய்த்து அவர் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தார்.

"தெரியுதே. அந்த ரெண்டாவது. மாடில துணி காயுது பாரு."

அவள் எட்டிப் பார்த்து, ஆமாம் என்றாள். அவர் ரன்வேக்கு நேராகத் திருப்பி, இறக்க ஆரம்பித்தார். விமானம் ரெண்டு தடவை குதித்து, கொஞ்சம் கோணலாக ஓடி, நடுக்கோட்டை விட்டு விலகிப் புல்லோரமாக நின்றது. குழந்தை முழிக்கவில்லை.